நிற்கத் தெரிந்த கதிர்

ஊர்ப்பக்கம் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையில் பெரும்பாலும் பயன்படுவது எக்ஸ்ரே. அதற்கு நிற்கத் தெரியாது. தோலுக்குச் சற்று உள்ளேயே அதிக ஆற்றலை இறக்கி, கட்டியைத் தாக்கி, மறுபக்கம் வழியாக வெளியேறிவிடும். வழியில் இருக்கும் நல்ல செல்களும் அடி வாங்கும்.

புரோட்டானின் சுபாவம் வேறு. வேகமாகப் பாயும்போது திசுக்களுக்குக் கொஞ்சமாகவே ஆற்றலைத் தரும் இந்தத் துகள், வேகம் குறையக் குறைய அதிகமாகத் தருகிறது. கடைசிச் சில மில்லிமீட்டரில் மிச்சத்தைக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் ராபர்ட் வில்சன். அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸில் வேலை பார்த்துவிட்டு வந்த இயற்பியலாளர்! 1954இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. ஆனால் மருத்துவமனைக்கென்றே ஒரு கருவி வர 1990 ஆகிவிட்டது. துகள் எங்கே நிற்கும் என்று தெரிந்தால் போதுமா? கட்டி எங்கே இருக்கிறது என்றும் தெரிய வேண்டுமே. அதைக் காட்டும் சிடி ஸ்கேன் 1970களில்தான் வந்தது. லோமா லிண்டா மருத்துவமனைக்கான அந்த முதல் கருவியைக் கட்டிக்கொடுத்தது, வில்சன் முதல் இயக்குநராக இருந்து உருவாக்கிய ஃபெர்மி ஆய்வகம்.

சென்னை தரமணியில் அப்போலோ குழுமத்தின் புரோட்டான் மையம் 2019இல் திறக்கப்பட்டது. இத்தகைய மையங்களில் புரோட்டானை முடுக்கும் சைக்ளோட்ரான் கருவி மட்டுமே 200 டன்னைத் தாண்டலாம். அதில் சுழன்று வெளிவரும் புரோட்டானின் வேகம், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீதம். உடலுக்குள் 30 செ.மீ. ஆழம் வரை போகும். ஆழம் குறைவாக வேண்டுமென்றால் இடையில் கிராஃபைட்டை வைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். கட்டியை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் கற்றை நகர்கிறது. படுத்திருப்பவருக்கு வலி தெரியாது.

அதிகம் பயனடைபவர்கள் குழந்தைகள். மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் மூளைக் கட்டிக்கு முதுகுத்தண்டு முழுவதும் கதிர் பாய்ச்ச வேண்டும். எக்ஸ்ரே என்றால் முன்னால் இருக்கும் இதயம், குடல் எல்லாவற்றிலும் படும். புரோட்டான் முதுகெலும்போடு நின்றுகொள்ளும். எல்லாப் புற்றுநோய்க்கும் இது எக்ஸ்ரேயைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை; செலவோ பல மடங்கு.

நிற்கும் இடத்தைக் கணிப்பதிலும் சில மில்லிமீட்டர் பிசகலாம். நோயாளி இளைத்தாலோ, மூக்கறையில் சளி கட்டினாலோ கணக்கு மாறும் என்பதால் சிகிச்சைக்கு இடையிலேயே மறுபடி ஸ்கேன் எடுக்கிறார்கள். கட்டிக்கு நேர் பின்னால் தண்டுவடம் இருந்தால், அதற்குச் சற்று முன்னே துகளை நிறுத்தும் துணிச்சல் மருத்துவர்களுக்கு வருவதில்லை. பக்கவாட்டுக் கோணத்தையே தேடுகிறார்கள்.