விழாவும் விலையும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நியாய வணிகம்

ஒரு பொருளை விளைவித்தவருக்கும் கையால் செய்தவருக்கும் உற்பத்திச் செலவு போகக் குடும்பம் நடத்தப் போதுமான வருவாய் கிடைக்க வேண்டும் என்பதும், அந்த விலை எவ்வாறு உருவானது என்பதை வாங்குபவர் அறிந்துகொள்ள வழியிருக்க வேண்டும் என்பதும் ஆகிய இரு கொள்கைகளின் மேல் அமைந்த விற்பனை முறை நியாய வணிகம் எனப்படுகிறது. குழந்தைத் தொழிலாளர் இன்மை, ஆண் பெண் வேறுபாடற்ற கூலி, பாதுகாப்பான பணியிடம், சுற்றுச்சூழலைக் கெடுக்காத உற்பத்தி, தேவையானபோது முன்பணம் ஆகியவையும் இதன் விதிகளாகும். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இப்பெயரைத் தாங்கிய கடைப் பலகை அரிதாகவே கண்ணில் படும். ஆயினும் அதன் நோக்கம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், உழவர் சந்தை, மகளிர் குழுக்களின் கண்காட்சி, பனைத் திருவிழா எனப் பல வடிவங்களில் இவ்வட்டாரத்தில் செயல்பட்டு வருகிறது.

இவை ஒவ்வொன்றும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு முறையில் விடை தேடுகின்றன. பொருள் நல்லது, விலை நியாயமானது, பணம் உழைத்தவருக்கே போய்ச் சேருகிறது என்பதற்கு யார் உறுதி சொல்வது என்பதே அக்கேள்வி.

முத்திரை பிறந்த கதை

உலக அளவில் இந்த உறுதியை ஒரு முத்திரை சொல்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் என்ற பெண்மணி, போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்கள் செய்த பூத்தையல் துணிகளை 1946-இல் வாங்கிவந்து, தமக்கு அறிமுகமானவர்களிடம் விற்றுப் பணத்தைச் செய்தவர்களுக்கே அனுப்பினார். அம்முயற்சி பின்னாளில் 'டென் தவுசண்ட் வில்லேஜஸ்' என்ற விற்பனை நிறுவனமாக வளர்ந்தது. அக்கட்டத்தில் உறுதி சொன்னது விற்றவரின் வாய்ச்சொல் மட்டுமே. வாங்குபவரும் செய்பவரும் ஒருவரையொருவர் காண இயலாத பெரிய கடைகளுக்குள் இப்பொருள்கள் நுழைய வேண்டியிருந்தபோது வாய்ச்சொல் போதவில்லை. ஆகவே 1988-இல் நெதர்லாந்தில், மெக்சிகோவின் சிறு விவசாயிகள் விளைவித்த காப்பிக்கு 'மாக்ஸ் ஹவலார்' என்ற முத்திரை அறிமுகமானது. பல நாடுகளில் தனித்தனியே இயங்கிய இத்தகைய அமைப்புகள் 1997-இல் ஒரே குடையின்கீழ் வந்தன.

முத்திரை பெற்ற பொருளுக்கு இரண்டு காப்புகள் உண்டு. சந்தை விலை எவ்வளவு சரிந்தாலும் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போகாத குறைந்தபட்ச விலை ஒன்று. பள்ளி, குடிநீர், கருவிகள் போன்ற பொதுத் தேவைகளுக்காக உற்பத்தியாளர் கூட்டமைப்புக்கு விலைக்கு மேல் தனியாக வழங்கப்படும் மிகைத்தொகை மற்றொன்று. ஆனால் முத்திரை பெறுவதற்கான ஆய்வுக்கும் ஆவணங்களுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதால், ஏற்றுமதி செய்யும் பெரிய கூட்டமைப்புகளுக்கு அது பயன்படும் அளவுக்கு, பக்கத்து ஊரிலேயே விற்கும் சிறு உற்பத்தியாளருக்குப் பயன்படுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தின் சிறு விவசாயியும் பனையேறியும் இந்த இரண்டாம் வகையினர்.

கடலை மூட்டையும் ஏலச் சீட்டும்

பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து 1993 செப்டம்பர் 30-இல் பிரிக்கப்பட்டு, 2019-இல் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக விட்டுக்கொடுத்த விழுப்புரம், நெல்லும் கரும்பும் விளையும் பகுதியாக இருப்பதோடு நெடுங்காலமாக நிலக்கடலை மண்ணாகவும் இருந்து வருகிறது. திண்டிவனத்தில் இயங்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கடலை ரகங்கள் அந்த ஊரின் பெயரைச் சுருக்கி 'டி.எம்.வி.' என்று எண்ணிடப்பட்டன. 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 தமிழ்நாட்டுக்கு வெளியிலும் பல்லாண்டுகள் பயிரிடப்பட்டது. இத்தகைய பணப்பயிர் விளையும் இடத்தில், விதைப்புக்குக் கடன் கொடுத்தவரே அறுவடையை எடுத்துக்கொள்வதும், எடையும் விலையும் அவர் சொன்னதே ஆவதும் வழக்கமாக இருந்தன. அதைக் கட்டுப்படுத்தவே 1933-இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அதன் இடத்தில் 1987-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டத்தின்கீழ் இயங்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை ஊர் மக்கள் 'கமிட்டி' என்றே அழைக்கின்றனர். விவசாயி கொண்டுவந்த மூட்டைகள் குவியல் வாரியாக வைக்கப்பட்டு, வணிகர்கள் பொருளைப் பார்த்துத் தாம் தரக்கூடிய விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவதும், அவற்றுள் மிகுந்த விலை அறிவிக்கப்படுவதும் மறைமுக ஏலம் எனப்படும். அந்த விலை பிடிக்கவில்லை என்றால் விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. ஒரு விழுக்காட்டுச் சந்தைக் கட்டணம் வாங்குபவரிடமிருந்து மட்டுமே பெறப்படுகிறது. விலை ஏறும்வரை பொருளைக் கிடங்கில் வைத்து அதன்மீது கடன் பெறும் வசதியும் இருப்பதால், கைச்செலவுக்காக அவசரமாக விற்கும் நிலையும் ஓரளவு தவிர்க்கப்படுகிறது. எனினும் வணிகர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு எழுதும்போது சீட்டு ஏலம் பெயரளவிலானதாகி விடுகிறது. வரத்து மிகுந்த நாள்களில் விலை சரிந்தது என்று விவசாயிகள் சாலை மறியலில் இறங்கும் செய்திகள் இதன் விளைவே. முறை திறந்ததாக இருப்பதோடு போட்டியும் உண்மையானதாக இருந்தால்தான் விலை நியாயமாகும் என்பதைக் கமிட்டியின் அனுபவம் காட்டுகிறது.

பலகையில் எழுதிய விலை

காய்கறிக்கு இதே நோக்கத்தோடு உருவானது உழவர் சந்தை. பஞ்சாபின் 'அப்னி மண்டி', ஆந்திரத்தின் 'ரைத்து பஜார்' ஆகியவற்றை முன்மாதிரியாகக் கொண்டு, முதலமைச்சர் மு. கருணாநிதி காலத்தில் 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடுத்து மாநிலமெங்கும் பரவிய இச்சந்தைகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அமைந்தன. 2001-க்குப் பின் சில ஆண்டுகள் கவனிப்பின்றிக் கிடந்த அவை 2006-க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன.

உழவர் சந்தையில் அடையாள அட்டை பெற்ற விவசாயி மட்டுமே விற்கலாம், கடை வாடகை இல்லை, தராசும் வழங்கப்படுகிறது. மொத்த விற்பனை விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் இருக்குமாறு அதிகாரிகள் நாள்தோறும் காலையில் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகின்றனர். இடைத்தரகருக்குப் போகும் பங்கு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பிரித்தளிக்கப்படுகிறது என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். இங்கே முத்திரையின் இடத்தில் விலைப் பலகையும் அடையாள அட்டையும் உறுதி சொல்கின்றன. விவசாயியின் பெயரில் வியாபாரி அமரும்போது அந்த உறுதி உடைந்துவிடுவதால், அட்டைச் சோதனையே இச்சந்தையின் உயிர்நாடி.

பனை அடியில் ஒரு திருவிழா

கடலைக்கும் கத்திரிக்காய்க்கும் அரசின் சந்தை உண்டு. பனை வெல்லத்துக்கு அத்தகைய இடம் வலுவாக இல்லை. விக்கிரவாண்டியை அடுத்த நரசிங்கனூர் ஊராட்சியின் பூரிகுடிசைப் பகுதி, பனையேறிகள் இன்றும் தொழிலைக் கைவிடாத ஊர்களுள் ஒன்று. அங்கு அண்மை ஆண்டுகளில் நடத்தப்பட்ட 'பனைக் கனவுத் திருவிழா', ஒரு பொருளை அது பிறக்கும் இடத்திலேயே மக்களுக்கு அறிமுகம் செய்யும் நிகழ்வுக்கு இவ்வட்டாரத்தின் நல்ல சான்றாகும். பனையேறும் முறை, பதநீர், பனை உணவுகள், ஓலைப் பொருள்கள் ஆகியவற்றை வெளியூர் மக்கள் நேரில் காண வழிசெய்யும் இத்தகைய விழாவின் பயன், அன்று விற்ற பொருளின் அளவோடு முடிந்துவிடுவதில்லை.

அதற்குக் காரணம் பனை வெல்லச் சந்தையின் தன்மையில் இருக்கிறது. பனையேறி நாள்தோறும் காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவ வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரைப் புளிக்கும் முன் இறக்கிப் பல மணி நேரம் காய்ச்சினால்தான் வெல்லம் கிடைக்கும். அதுவும் பருவத்தின் சில மாதங்களுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், பதநீரும் வெல்லமுமே சட்டத்துக்கு உட்பட்ட வருவாயாக எஞ்சியுள்ளன. இந்நிலையில் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டி கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, வேறுபாடு தெரியாத நுகர்வோர் மலிவானதையே தேர்ந்தெடுக்கிறார். கலப்படமற்ற வெல்லத்தின் விலை அவருக்குக் கொள்ளையாகத் தோன்றுகிறது. மரமேறுவதையும் அடுப்பில் பதநீர் வற்றுவதையும் ஒருமுறை பார்த்தவருக்கோ அந்த விலையின் காரணம் விளங்கிவிடுகிறது. பெருஞ்செலவில் பெறும் சான்றிதழ் செய்யும் வேலையை இங்கே பார்த்தவரின் கண்ணே செய்துவிடுகிறது.

இக்கருத்துக்கு முறையான வடிவமும் உண்டு. வெளி ஆய்வாளருக்குப் பதிலாக, விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு விதிமீறல் இல்லை என்று பொறுப்பேற்றுக்கொள்வது 'பங்கேற்பு உறுதி முறை' எனப்படுகிறது. கோத்தகிரியில் 1993 முதல் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை நீலகிரியில் இம்முறையைப் பரப்பியுள்ளது. பனையேறிகளின் குழுவும் தம் உறுப்பினரின் வெல்லத்துக்குத் தாமே பொறுப்பேற்றால், விழாவில் பிறக்கும் நம்பிக்கை ஆண்டு முழுவதும் நிலைக்கும். 2021 ஆகஸ்டில் தாக்கலான தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றும் நியாயவிலைக் கடைகளில் பனை வெல்லம் விற்கப்படும் என்றும் அறிவித்தது, மரத்தைக் காப்பதும் பொருளுக்குச் சந்தை தேடுவதும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அரசும் ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது.

மகளிர் கைவேலையும் கண்காட்சியும்

மாவட்டத்தின் கிழக்கில், வானூர் வட்டத்தில், 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் பெரும்பகுதி அமைந்துள்ளது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் வாழ்வாதாரம் இழந்த மீனவப் பெண்களுக்கு, ஆரோவில்லின் 'உபாசனா' ஆடை வடிவமைப்பு நிறுவனம் மிஞ்சிய துணித் துண்டுகளிலிருந்து 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அப்பொம்மை விலைக்கு விற்கப்படாமல் அன்பளிப்பாகவே வழங்கப்பட்டு, பெறுபவர்கள் விரும்பித் தரும் நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. அது பல நாடுகளைச் சென்றடைந்தது உண்மையே. ஆயினும் பேரிடரின் நினைவும் பரிவும் தாங்கிய இம்முறையை அன்றாடப் பொருள்களுக்கு விரிக்க இயலாது.

அன்றாடப் பொருள்களுக்கான களம் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கண்காட்சி. மாவட்டத் தலைநகரங்களில் அமைந்த பூமாலை வணிக வளாகங்களிலும், 'மதி' என்ற பெயரில் நடத்தப்படும் அங்காடிகளிலும், கல்லூரி வளாகங்களில் போடப்படும் கல்லூரிச் சந்தையிலும் ஊறுகாய், மசாலாப் பொடி, சிறுதானியத் தின்பண்டம், பை, பொம்மை முதலியவை விற்கப்படுகின்றன. கண்காட்சி நாளில் நல்ல விற்பனை காணும் குழு, அடுத்த மாதம் அதே பொருளை எங்கே விற்பது என்று தெரியாமல் நிற்பதே இம்முயற்சிகளின் பொதுவான குறை. மூன்று நாள் கூட்டத்தை நம்பிச் செய்த சரக்கு மிஞ்சினால் நட்டம் குழுவின் தலையில் விழுகிறது. விழுப்புரத்தை அடுத்த, பட்டுக்குப் பெயர்பெற்ற சிறுவந்தாட்டு நெசவாளர்களைப் போலக் கூட்டுறவுச் சங்கமும் நிலையான விற்பனை வழியும் உள்ளவர்களுக்கும், கண்காட்சியை மட்டுமே நம்பியவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஊர் எடுக்கும் தீர்மானம்

ஒரு நாள் நிகழ்வை ஆண்டு முழுவதும் நீளும் ஏற்பாடாக மாற்றிய ஊர் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஏறத்தாழ 5,000 பேர் வாழும் கார்ஸ்டாங் என்ற சிற்றூரின் மக்கள், புரூஸ் கிரவுதர் என்ற கால்நடை மருத்துவரின் முயற்சியால் 2000 ஏப்ரலில் பொதுக்கூட்டம் கூடித் தம் ஊரை உலகின் முதல் நியாய வணிக நகரமாக அறிவித்தனர். அதிலிருந்து உருவான ஐந்து விதிகளை இன்று பல நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் பின்பற்றுகின்றன. உள்ளாட்சி மன்றம் தீர்மானம் இயற்றித் தன் கூட்டங்களில் இப்பொருள்களையே பயன்படுத்துதல், கடைகளிலும் உணவகங்களிலும் அவை கிடைக்கச் செய்தல், பள்ளிகளும் அலுவலகங்களும் வழிபாட்டிடங்களும் அவற்றை வாங்குதல், நிகழ்ச்சிகள் வழியே மக்களுக்கு எடுத்துரைத்தல், இவற்றைக் கண்காணிக்க ஊர்க்குழு ஒன்றை அமைத்தல் ஆகியவையே அவ்விதிகள். நிகழ்ச்சி நடத்துவது ஐந்தில் ஒன்று மட்டுமே என்பது கவனத்துக்குரியது. மற்ற நான்கும் விழா முடிந்த மறுநாளைப் பற்றியவை.

கார்ஸ்டாங் மக்கள் தொலைநாட்டு விவசாயிகளை மனத்தில் கொண்டு இதைச் செய்தனர். விழுப்புரமும் திண்டிவனமும் கடல் கடந்து தேட வேண்டியதில்லை. விளைவிப்பவரும் வாங்குபவரும் ஒரே பேருந்தில் பயணம் செய்யும் தொலைவில் இருக்கின்றனர். நகராட்சிக் கூட்டத்தின் தேநீருக்குப் பனை வெல்லம், கல்லூரி விடுதியின் சமையலுக்கு உள்ளூர்க் குழு ஆட்டிய கடலை எண்ணெய், திருமணத் தாம்பூலத்துக்கு மகளிர் குழு தைத்த பை என்று மூன்று வாங்குதல்கள் நிலைபெற்றாலே, அடுத்த விழாவுக்கு வருபவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக இல்லாமல் பழைய வாடிக்கையாளர்களாக வருவார்கள். உலக நியாய வணிக நாள் ஆண்டுதோறும் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கொண்டாடப்படுகிறது. அந்நாளில் ஒரு கண்காட்சியைத் திறந்துவைப்பதோடு நின்றுவிடாமல், அடுத்த மே மாதம் வரை எந்தப் பொருளை, யாரிடமிருந்து, என்ன விலைக்கு வாங்குவது என்று இவ்வூர்களின் மன்றங்களும் கல்லூரிகளும் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும்.