தாலி இருக்கிறது, தாள் எங்கே?

"சாமி முன்னால் தாலி கட்டியாச்சு, கையெழுத்து வேறு எதற்கு?" தோட்டப்புறங்களில் பெரியவர்கள் கேட்ட கேள்வி இது. பதிவு கேட்பதே மாப்பிள்ளையைச் சந்தேகிப்பது போல என்று எண்ணிய காலம்.

மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் அமலுக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதோருக்குப் பதிவு கட்டாயமானது. மேடையில் மட்டும் முழங்கிய 'ஒருவனுக்கு ஒருத்தி'யும் சட்டமானது. அதுவரை ஓர் இந்து ஆண் ஊரறிய இரண்டாம் தாரம் கட்டினால் சட்டம் தடுக்கவில்லை. பொறுத்துப் போவதுதான் மூத்தவளுக்கு அழகு என்றார்கள். அதே செயல் இப்போது குற்றம்.

அந்தத் தேதிக்கு முன் முறைப்படி நடந்த கல்யாணங்களைப் பதிவானவையாகவே சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆகவே பாட்டிமாருக்குச் சிக்கல் இல்லை. அதற்குப் பிறகும் தாலியோடு நின்றுவிட்ட பெண்கள்தான் தவிக்கிறார்கள். கணவர் வாரிசு பெயர் எழுதாமல் இறந்திருப்பார். ஊழியர் சேமநிதிப் பணத்துக்குப் போய் நின்றால், "திருமணச் சான்றிதழ் எங்கே?" என்பார்கள். ஊரே விருந்து சாப்பிட்ட கல்யாணம்தான். காட்டத் தாள் இல்லை.

இன்று பல கோயில்களில் கல்யாணத்துக்குத் தேதி கேட்டாலே பதிவுச் சான்றிதழின் நகலைக் கேட்கிறார்கள். பதிவு நாளுக்கென்று தனியாகப் பட்டுச்சேலை எடுக்கும் குடும்பங்களும் உண்டு. பெண்ணைப் பெற்றவர்களே இப்போது, "முதலில் ரிஜிஸ்டர், பிறகு தாலி" என்கிறார்கள்.