விரைவும் விடாமுயற்சியும்

மோட்டார்ப் பந்தயத்தில் வெற்றி என்பது விரைவினால் மட்டும் விளைவதன்று. வண்டியின் உறுதியும், டயரின் தன்மையும், ஓட்டுவோரின் பொறுமையும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவ்வுண்மையைக் கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயனின் வாழ்க்கை நன்கு விளக்கும்.

இவர் 1977-ஆம் ஆண்டில் பிறந்தார். இவர்தம் தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தாமும் கார்ப் பந்தயங்களில் வாகை சூடியவர். திருப்பெரும்புதூர்ப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகிய மைந்தர், 1996-இல் 'பார்முலா ஏஷியா' பந்தயத் தொடரில் முதன்மை பெற்றார். 2005-இல் 'பார்முலா ஒன்' பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்னும் பெருமையை எய்தினார்.

அவ்வாண்டு அமெரிக்க நாட்டின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு பந்தயம் நடந்தது. அத்தடத்தின் சாய்ந்த வளைவில் ஒரு வகை டயர்கள் அழுத்தம் தாங்கமாட்டா எனக் கண்டு, 14 வண்டிகள் விலகின. எஞ்சி ஓடியவை ஆறே. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பலர் விலகியமையால் வந்த பேறு இஃது என்பார் உளர். ஆயினும், வாய்த்ததை நழுவவிடாது பிழையின்றி ஓட்டி முடித்தலும் திறமையே அன்றோ?

அவர் அத்துடன் அமையவில்லை. 2019 நவம்பரில் ஜப்பானின் பியூஜித் தடத்தில், அந்நாட்டு வண்டிகளும் ஜெர்மனியின் புகழ்பெற்ற டூரிங் கார்ப் பந்தய வண்டிகளும் ஒரே களத்தில் போட்டியிட்டன. இரண்டாம் நாட் பந்தயத்தில், 42 வயதினரான நரேன் ஹோண்டா வண்டியை ஓட்டி முதலிடம் பெற்றார். அங்கு எவரும் விலகி வழிவிடவில்லை.

வாய்ப்பு ஒருநாள் உயர்த்தும். 14 ஆண்டுகள் தளராது உழைப்பவரையே வெற்றி தேடி வரும்.