எக்ஸ்ரே படிப்பு: பட்டன் அழுத்துவது மட்டுமல்ல

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு, எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்புகளைப் பற்றி நம் குடும்பங்களில் அதிகம் விசாரிக்கிறார்கள். “பட்டனை அழுத்துகிற வேலைதானே, பயிற்சியோடு சேர்த்து நாலு வருஷம் எதற்கு?” என்றும் சிலர் எங்களிடம் கேட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்த ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் வலது மணிக்கட்டு என்றிருக்கிறது. அவர் தாங்கிப் பிடித்திருப்பதோ இடது கையை. சீட்டில் உள்ளபடி எடுத்தால் எலும்பு நன்றாக இருப்பதாகவே படம் காட்டும். எழுதிய டாக்டரிடம் போய்க் கேட்க வேண்டும். புதிதாக வந்த பிள்ளைக்கு அதற்குத் துணிச்சலும் வேண்டும். வலி பெருவிரலின் அடியில் என்றால் ஸ்கேஃபாய்ட் எலும்புக்கென்று தனிக் கோணத்திலும் படம் தேவைப்படலாம். அந்தச் சிறு எலும்பின் முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமலே போவதுண்டு.

வயிற்றுப் படம் என்றால், கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று முதலில் கேட்க வேண்டும். மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்!

படம் சற்றுக் கலங்கினால் மறுபடி எடுப்பதா? ஒவ்வொரு முறையும் நோயாளியின் உடலில் கூடுதல் கதிர் பாய்கிறது. 1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், கருவியைத் தம் கையை வைத்தே சோதித்தவர்களில் பலர் விரல்களை இழந்தார்கள். டாக்டருக்கு வேண்டிய விவரம் கலங்கிய படத்திலேயே தெரிகிறதென்றால் அதுவே போதும். நல்ல ஆசிரியர் பழுதான படங்களைக் கையில் கொடுத்து இதைத்தான் வாதிடச் சொல்வார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த கல்வி உதவி நேர்காணலில் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், இப்படி ஒரு சீட்டையும் பிள்ளைகளிடம் நீட்டப்போகிறோம்.