பழைய விரைவு வண்டிக்கு ஏற்ற கிளச் எது?

பொருளை வாங்குவது எளிது. பொருத்தமானதை வாங்குவதே அரிது. மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் இவ்வுண்மையை நன்கு உணர்த்துவது கிளச். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே கண்ணிற் படாமல் இருந்து அது தொழில் புரிகின்றது. பழுதாகும் வரை அதனை எவரும் நினைப்பதில்லை. பழுதான பின்னரோ அகப்பட்டதை வாங்கிப் பூட்டிவிட விரைகின்றனர். வேகத்துக்குப் பெயர்பெற்ற பழைய வண்டியை வைத்திருப்போர் 'பந்தயக் கிளச்' என்ற சொல்லைக் கேட்டதுமே மயங்கிவிடுவதும் உண்டு. அம்மயக்கத்தால் பணம் வீணாவதோடு, பல்லாண்டு பேணிக் காத்த எஞ்சினும் கெட நேரலாம். ஆதலால், நன்கறியப்பட்ட வண்டியொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தேர்வை எவ்வாறு செய்தல் தகும் என்பதை ஆராய்வோம்.

அபிங்டன் தந்த வண்டி

இங்கிலாந்திலே அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது எம்.ஜீ.பீ. என்னும் வண்டி. அதன் எஞ்சின் 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் இரட்டைக் காபரேற்றர்களும் உடையது. தொடக்க கால வண்டிகளில் அது ஏறத்தாழ 95 பரிவலுவையும் 110 இறாத்தல்-அடி முறுக்கு விசையையும் தந்தது. மணிக்கு 100 மைலுக்குச் சற்று மேற்பட்ட வேகம் அக்காலத்தில் சிறிதன்று. 1964ஆம் ஆண்டு மொன்ரி கார்லோ றலிப் போட்டியிலும் இவ்வண்டி தன் பிரிவில் வெற்றி கண்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின. அவற்றுட் பல இன்றும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஓடுகின்றன. தந்தை ஓட்டிய வண்டியை மகன் பழுதுபார்த்து ஓட்டும் குடும்பங்களும் அங்கு உள.

இவ்வண்டியில் கிளச்சை மாற்றுவதற்கு எஞ்சினையே வெளியே தூக்குதல் வேண்டும். ஒரு முறை தவறாகத் தெரிவு செய்தால் அப்பெருவேலையை மறுமுறையும் செய்ய நேரும். உறுப்பின் விலையைக் காட்டிலும் கூலியே கூடுதலாவதும் உண்டு. எனவே, வாங்குமுன் சிந்திப்பதே சிக்கனம்.

பழுது கிளச்சில்தானா?

முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. கிளச்சின் குறைகள் இருவகைப்படும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் உரத்துச் சுழன்றும் வண்டியின் வேகம் கூடாதிருந்தால், கிளச் வழுக்குகின்றது எனக் கொள்ளலாம். மிதியை முற்றாக மிதித்த பின்னரும் கியர் கறகறவென்று ஒலித்து விழ மறுத்தால், கிளச் முழுவதும் விடுபடவில்லை என்பது பொருள்.

இரண்டாவது குறைக்குப் பெரும்பாலும் கிளச் காரணமாவதில்லை. எம்.ஜீ.பீ. வண்டியில் மிதியின் விசையைக் கொண்டுசெல்வது குழாயிலுள்ள திரவம். மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ இறப்பர் வளையம் தேய்ந்து திரவம் கசிந்தாலும், குழாயினுட் காற்றுப் புகுந்தாலும், மிதியை இணைக்கும் ஆணி தேய்ந்தாலும் இக்குறை தோன்றும். ஒருவர் மிதியை மிதிக்க, மற்றொருவர் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு நகர்கின்றது என அளந்து பார்த்தல் நன்று. அது ஏறத்தாழ அரை அங்குலமேனும் நகராவிட்டால், எஞ்சினைத் தூக்குவதற்கு முன் சிலிண்டர்களைச் சீர்செய்க. சிறு செலவிலேயே காரியம் முடிந்துவிடக்கூடும்.

மாணவருக்கு ஒரு கணக்கு

கிளச்சில் முக்கியமானவை மூன்று: எஞ்சினோடு சுழலும் பாரச் சக்கரமாகிய பிளைவீல், கியர்பெட்டியின் தண்டிற் பூட்டிய உராய்வுத் தட்டு, அத்தட்டைப் பிளைவீலோடு சேர்த்து நெரிக்கும் அழுத்தத் தட்டு. மிதியிலிருந்து காலை எடுத்ததும் வில்லின் விசையால் மூன்றும் ஒன்றாகிச் சுழல்கின்றன.

இக்கிளச் தாங்கும் முறுக்கு விசையைக் கணிப்பது கடினமன்று. அழுத்தும் விசை, உராய்வுக் குணகம், தட்டின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கினால் விடை வரும். எம்.ஜீ.பீ. கிளச்சின் தட்டு 8 அங்குல விட்டமுடையது. சராசரி ஆரை 3½ அங்குலம் என்றும், அழுத்தும் விசை 1000 இறாத்தல் என்றும், குணகம் 0.3 என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முகங்கள் இரண்டு. பெருக்கினால் 2100 இறாத்தல்-அங்குலம், அதாவது 175 இறாத்தல்-அடி கிடைக்கின்றது. எஞ்சின் தருவதோ 110தான். எனவே போதிய மிச்சம் உண்டு.

இனி, தட்டில் எண்ணெய் பட்டு உராய்வுக் குணகம் பாதியாகக் குறைந்ததெனக் கொள்வோம். தாங்குதிறன் 87½ ஆகிவிடுகின்றது. எஞ்சினின் 110ஐ அது தாங்காது, வழுக்கும். இதிலிருந்து தெளிவாவது யாதெனில், வழுக்கும் கிளச் எல்லாம் வலிமை குன்றிய கிளச் அன்று. எண்ணெய்க் கசிவை அடைக்காமல் வலிய கிளச்சைப் பூட்டுவோர், நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவோரே ஆவர்.

மூவகைக் கிளச்

சந்தையில் இன்று மூவகைக் கிளச் கிடைக்கின்றது. முதலாவது, தொழிற்சாலையில் முதலிற் பூட்டியதை ஒத்தது. அதன் உராய்வுப் பூச்சு பிசினும் நாரும் கலந்தது. மென்மையாகப் பிடிக்கும், மிதியும் காலுக்கு இலேசாக இருக்கும். எம்.ஜீ.ஏ. என்ற முந்திய வண்டியிற் சுருள்விற்கள் இருந்தன, எம்.ஜீ.பீ. வண்டியில் வட்டத் தகட்டு வில் இடம்பெற்றது. தட்டுத் தேயத் தேயச் சுருள்வில்லின் அழுத்தம் குறையும். தகட்டு வில்லோ தேய்வின் பெரும்பகுதியிலும் தன் அழுத்தத்தைக் காத்துக்கொள்ளும்.

இரண்டாவது, அதே அளவினதாயினும் வலிய வில் பொருத்தியது. எஞ்சினைக் குடைந்து கொள்ளளவைக் கூட்டி, முறுக்கு விசையை மிக உயர்த்தியிருப்போருக்கே இது தேவைப்படும். இதற்கொரு விலையும் உண்டு. மிதியை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வில்லின் விசை கிராங்குத் தண்டை முன்னோக்கித் தள்ளுகின்றது. அவ்விசையைத் தாங்குபவை மெல்லிய வளையங்கள் சிலவே. வில் வலிதாகுமளவுக்கு அவ்வளையங்களும் விரைந்து தேயும்.

மூன்றாவது, துடுப்புப் போன்ற துண்டுகளிற் செராமிக் அல்லது உலோகக் கலவை பதித்த பந்தயத் தட்டு. வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் சட்டென்று பற்றும். பந்தயத் திடலில் அது குணம். நெரிசல் மிக்க வீதியிலும் மேட்டிலும் அதுவே குற்றம். வண்டி துள்ளிப் பாய்ந்தால் முன்னே நடந்து செல்வோருக்கும் ஆபத்தன்றோ?

எஞ்சினின் அமைப்பு மாறாதிருப்பின் முதல் வகையே போதும் என்பது எமது துணிபு. வண்டியை உள்ளபடி பேண விரும்புவோருக்கும் அதுவே உகந்தது.

வாங்கும்போது

உராய்வுத் தட்டு, அழுத்தத் தட்டு, விடுவிக்கும் பெயாரிங் ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாக வாங்குதல் நலம். எம்.ஜீ.பீ. வண்டியின் பெயாரிங் உருளைகள் அற்றது. கரி வளையம் ஒன்றே அழுத்தத்தைத் தாங்குகின்றது. விளக்குச் சந்தியில் மிதியை மிதித்தபடியே நிற்போர் அதனைத் தம் காலாலேயே தேய்க்கின்றனர். அவ்வேளையில் கியரை விடுவித்துக் காலை எடுத்துவிடுவதே முறை.

வண்டி செய்யப்பட்ட ஆண்டையும் சாசி எண்ணையும் கூறி வாங்குக. எஞ்சின் 1964ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும், கியர்பெட்டி 1967ஆம் ஆண்டிலும் மாற்றம் பெற்றன. புதிய தட்டின் நடுத்துளையிலுள்ள பள்ளங்களை எண்ணிப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தவறலாகாது.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே பிளைவீலில் வெடிப்போ நீலநிறச் சூட்டுத் தழும்போ உண்டா என நோக்குக. எண்ணெய்க் காப்பு வளையத்தையும், கிராங்குத் தண்டின் முனையிலுள்ள சிறு வெண்கலப் புஷ்ஷையும் புதுப்பிக்கலாம். இவை அற்ப விலையின. இவற்றிற்காக எஞ்சினை மீண்டும் தூக்குவது மடமை.

ஓர் எச்சரிக்கை: பழைய தட்டுகளிற் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஐக்கிய இராச்சியம் 1999ஆம் ஆண்டில் வெண்கல்நாரையும் தடை செய்தது இதனாலேயே. தூசை ஊதுவதும் உலர்ந்த துடைப்பத்தாற் பெருக்குவதும் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையிற் கட்டிவிடுக. சிறுவரை அவ்விடத்தை விட்டு விலக்கி வைத்தல் பெற்றோர் கடமை.

பூட்டிய பின்னர்

புதிய கிளச் உடனே தன் முழுப் பலத்தையும் காட்டாது. இரு முகங்களும் ஒன்றோடொன்று படிவதற்கு முதல் 500 மைல் வரையேனும் பொறுமையாக ஓட்டுதல் வேண்டும். திடீரெனப் பாயவிடுவதும், மேட்டிற் கிளச்சாலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும் அக்காலத்தில் அறவே ஆகா.

பழைய வண்டியைப் பேணுவது முதியோரைப் பேணுவது போன்றது. அவர் தாங்காத சுமையை ஏற்றுவது அன்பாகாது. அவர் உடலுக்கு ஒத்ததை அறிந்து அளிப்பதே அன்பு. கிளச்சைத் தெரியும்போதும் வலிமையினும் பொருத்தத்தையே பெரிதெனக் கொள்வோமாயின், தந்தையின் வண்டி பேரனுக்கும் பயன்படும்.