கொடைக்கானலில் ஒரு ‘கிளி’... ஆனால் கிளி இல்லை!

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் போனால் ஏரி, தூண் பாறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஒருநாள் விடியற்காலையில் சோலைக்காட்டு ஓரம் அசையாமல் நின்று பாருங்கள். புதருக்கடியில், தரையோரமாக ஒரு பாட்டுக்காரர் தத்தித் திரிவார். பெயர் சோலைக்கிளி. கிளி இனமெல்லாம் இல்லை. மலையாளத்தில் சின்னப் பறவை எதுவானாலும் ‘கிளி’தான்!

சிட்டுக்குருவி அளவு. கருநீல உடம்பு, வெள்ளை வயிறு, புருவத்தில் வெளிர் கோடு. விலாப் பக்கம் செம்பழுப்பாக இருந்தால் அது நீலகிரி சோலைக்கிளி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே அவர், தெற்கே இவர். இரண்டுக்கும் ‘சோலிகோலா’ என்று தனிப் பேரினமே கொடுத்தது 2017-ல்தான்.

சோலைகள் துண்டு துண்டானதால் ஏற்கெனவே இடம் குறைந்துபோன பறவை இது. செல்போனில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.