தாத்தாவின் பெட்டி மறுபடியும் பாடுமா? பின்பக்கத் துளைகளின் ரகசியம்

பரணில் ஒரு பெட்டி கிடக்கிறது. வெளியே மரக்கூடு. முன்பக்கம் வெள்ளி போல் மின்னும் தகடு. பெரிய பெரிய திருகு குமிழ்கள். ரேடியோ நிலையங்களைக் காட்டும் நீளக் கண்ணாடி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதுதான் ஸ்டீரியோ ரிசீவர்.

ரேடியோவும், ஓசையைப் பெருக்கும் ஆம்ப்ளிபயரும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய கருவி அது. 1970-ம் ஆண்டுகள் இந்தப் பெட்டிகளின் பொற்காலம். ஜப்பானில் பயனியர், சான்சுயி, கென்வுட், அமெரிக்காவில் மராண்ட்ஸ். கம்பெனிகள் போட்டி போட்டுச் செய்தன. 1978-ல் பயனியர் வெளியிட்ட எஸ்.எக்ஸ்.-1980 என்ற பெட்டியின் எடை ஏறத்தாழ 35 கிலோ! ஒரு சிப்பம் அரிசியைவிடக் கனம்!

சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய் வந்தவர்கள் இப்படிப்பட்ட பெட்டிகளை ஊருக்குக் கொண்டு வந்தார்கள். பக்குவமாக வைத்திருந்தால் அவை இன்றும் பாடும்.

பேரனுக்கு ஆசை வருகிறது. பெட்டியை இறக்குகிறான். தூசி தட்டுகிறான். பின்பக்கம் திருப்பினால், வரிசையாகத் துளைகள்! எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். செல்போனை எதில் மாட்டுவது? கைக்கு எட்டிய துளையில் மாட்டுகிறான்.

வீடே அலறுகிறது! பாட்டு அல்ல, தகரத்தை இழுத்தது போல் ஓர் ஓலம். பாட்டி காதைப் பொத்திக்கொள்கிறாள்.

"பெட்டி கெட்டுப் போச்சு தாத்தா!" என்கிறான் பேரன்.

பெட்டி கெடவில்லை. துளைதான் மாறிவிட்டது.

பிளக்கில் மாட்டுமுன்

துளைகளின் கதைக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. துளையை மாற்றி மாட்டினால் காது வலிக்கும். மின்சாரத்தை மாற்றிக் கொடுத்தால் பெட்டியே போய்விடும்.

நம் நாட்டு வீடுகளில் வருவது 230 வோல்ட் மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான். அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்த பெட்டியை இங்கே அப்படியே பிளக்கில் செருகினால், தேவையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்சாரம் பாயும். பியூஸ் போனால் அது அதிர்ஷ்டம். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரே கருகினால் செலவு பெரிது.

ஆகவே பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என முதலில் பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் வோல்ட்டை மாற்றி வைக்கும் அமைப்பும் உண்டு. 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால், மின்சாரத்தைக் குறைத்துத் தரும் 'ஸ்டெப் டவுன்' டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும்.

பல வருடம் சும்மா கிடந்த பெட்டியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் போடுவது புத்திசாலித்தனம். உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் வயதாகிக் காய்ந்திருக்கும்.

100 மடங்கு பெருக்கும் துளை

பேரன் மாட்டிய துளையின் மேல் 'போனோ' என்று எழுதியிருக்கும். அது இசைத்தட்டு பிளேயருக்கு மட்டுமே உரிய துளை.

அதில் என்ன விசேஷம்?

இசைத்தட்டின் மேல் ஊசி ஓடுகிறது. ஊசிக்குப் பின்னால் சின்னஞ்சிறு காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. ஊசி அசையும்போது அதில் மின்சாரம் பிறக்கிறது. எவ்வளவு? ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அதாவது 1 வோல்ட்டில் 200-ல் ஒரு பங்கு! குழந்தையின் முணுமுணுப்பு போன்றது. அதைக் கேட்க வேண்டுமானால் முதலில் 100 மடங்காவது பெருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் 'போனோ' துளைக்குப் பின்னால் இருக்கும் பகுதி.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. இசைத்தட்டில் ஓசையை உள்ளபடியே பதிப்பதில்லை. மத்தளம் போன்ற தடித்த ஓசைகளை அப்படியே பதித்தால் கோடுகள் அகலமாக வளைந்து, தட்டில் இடம் போதாமல் போய்விடும். ஆகவே தடித்த ஓசையைக் குறைத்துப் பதிக்கிறார்கள். கீச்சென்ற மெல்லிய ஓசையைக் கூட்டிப் பதிக்கிறார்கள். கேட்கும்போது பெட்டி அதைத் தலைகீழாக்கி, குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்து, பழையபடி ஆக்கிவிடுகிறது. கீச்சொலியைக் குறைக்கும்போது, ஊசி தட்டில் உரசும் இரைச்சலும் சேர்ந்து குறைந்துவிடும்! முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி அளவு வைத்திருந்தது. 1954-ல் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் எல்லோருக்கும் ஒரே அளவை வகுத்தது.

இப்போது பேரனின் செல்போனைப் பாருங்கள். அது கொடுப்பது முணுமுணுப்பு அல்ல, உரத்த பேச்சு. சி.டி. பிளேயரோ 2 வோல்ட் வரை கொடுக்கும். ஊசி கொடுப்பதைப்போல் 400 மடங்கு! அதை 'போனோ' துளையில் மாட்டினால் பெட்டி அதையும் 100 மடங்கு பெருக்கப் பார்க்கும். அலறாமல் என்ன செய்யும்? சத்தக் குமிழ் உச்சத்தில் இருந்தால் ஸ்பீக்கரும் பாழாகலாம்.

தவறு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். இசைத்தட்டு பிளேயரை வேறு துளையில் மாட்டினால், எறும்பு பாடுவது போல் கேட்கும்.

புதிய பிளேயர் வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இப்போதைய பல பிளேயர்களுக்குள்ளேயே அந்தப் பெருக்கும் பகுதி இருக்கிறது. பின்னால் 'போனோ', 'லைன்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சுவிட்சை 'லைன்' பக்கம் வைத்து, வயரைப் பெட்டியின் 'போனோ' துளையில் மாட்டினால், பெருக்கியதையே மறுபடி பெருக்கும். மறுபடியும் அலறல்தான்!

கொர்ர்ர்...

பிளேயரை ஒழுங்காக மாட்டியாயிற்று. ஆனாலும் பாட்டுக்குப் பின்னால் 'கொர்ர்ர்' என்று ஓர் உறுமல். காரணம், பிளேயரிலிருந்து வரும் மெல்லிய தனி வயர். எதற்கு என்று தெரியாமல் பலர் அதைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். 'போனோ' துளைக்குப் பக்கத்தில் ஒரு திருகாணி இருக்கும். அந்த வயரை அதில் முடுக்கினால் உறுமல் அடங்கிவிடும்.

விருந்தாளித் திண்ணை

செல்போனை எங்கே மாட்டுவது? 'ஆக்ஸ்' என்று எழுதிய துளையில்.

1970-களில் செல்போன் ஏது? சி.டி.கூட 1982-ல்தான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் நாளைக்கு ஏதாவது புதுக் கருவி வந்தால் இருக்கட்டும் என்று அன்றே ஒரு துளையை ஒதுக்கி வைத்தார்கள். வழிப்போக்கனுக்குத் திண்ணை கட்டி வைத்தது போல!

ஒரு முனையில் இயர்போன் பின்னும், மறு முனையில் சிவப்பு, வெள்ளை என இரண்டு பின்களும் உள்ள வயர் போதும். சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். இயர்போன் துளையே இல்லாத செல்போன் என்றால், புளூடூத் மூலம் பாட்டை வாங்கித் தரும் சிறு கருவியை 'ஆக்ஸ்' துளையில் மாட்டலாம். டி.வி.யையும் இதே துளையில் மாட்டலாம். அதில் இயர்போன் துளை இல்லாவிட்டால் ஒரு டிஜிட்டல் மாற்றுக் கருவி வேண்டும்.

ஒரே ஓர் இழை

ஸ்பீக்கர் வயரில் கவனம் வேண்டும். வயரின் உள்ளே தலைமுடி போல் செப்பு இழைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டால்கூடப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் போய்விடலாம். இழைகளை முறுக்கி, பெட்டியை அணைத்துவிட்டே மாட்ட வேண்டும்.

சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்பு முனைக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றி மாட்டினால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். தபேலாவின் கனம் காணாமல் போய்விடும்.

பேசாத பெட்டி

எல்லாம் சரி. வோல்ட் சரி, துளை சரி, வயர் சரி. விளக்கும் எரிகிறது. ஆனால் சத்தமே இல்லை! பேரன் தலையில் கை வைத்துக்கொள்கிறான்.

முன்பக்கத்தில் 'டேப் மானிட்டர்' என்று ஒரு பொத்தான் உண்டு. டேப் ரிக்கார்டரில் பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்காக வைத்தது. அதை அழுத்தினால், பெட்டி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, டேப் ரிக்கார்டரிலிருந்து வரும் ஓசைக்காகக் காத்திருக்கும். டேப் ரிக்கார்டரே இல்லாத வீட்டில் என்ன வரும்? அந்தப் பொத்தான் உள்ளே போயிருப்பது தெரியாமல், நல்ல பெட்டியைச் செத்துவிட்டது என்று பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடவும் கூடும்.

தாத்தா நாற்காலியைவிட்டு எழுந்து வருகிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறார். அந்தப் பொத்தானை ஒரு தட்டு தட்டுகிறார். பொத்தான் வெளியே வருகிறது.

கூடம் நிறையப் பாட்டு!